கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது: ஒரு பிளாக் ஏபிஐயுடன் நான்கு வருடம்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "நாலு வருஷமா அந்த பிளாக் தளத்தோட ஏபிஐயை வெச்சுத்தானே ஓட்டுறீங்க? நாங்களும் எங்க பத்திரிகையை அங்க மாத்தலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். எப்படி இருக்கு?" ஏபிஐ என்றால் ஒரு தளத்திடம் நம் கோடு நேராகத் தகவல் கேட்டு வாங்கும் வழி. பதில் சொல்ல வாயெடுத்தால் ரெஸ்பான்ஸ் ஹெடரைத் தவிர, அதாவது தளம் அனுப்பும் பதிலோடு சேர்ந்து வரும் குறிப்பு வரிகளைத் தவிர, வேறெதுவும் வரவில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாளும் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எடிட்டர் எப்படி, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தளத்தின் பெயரும் வேண்டாம். இதே குறை வேறு இடங்களிலும் இருக்கக்கூடியதுதான்.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. நால்வர் சேர்ந்து எழுதும் வலைப்பதிவு. 2,300 சொச்சம் பதிவுகள். பதிவுகள் எல்லாம் அந்தத் தளத்தில் இருக்கின்றன. வாசகர் பார்க்கும் பக்கம் மட்டும் எங்களுடையது, வேறு டொமைனில். அது பிரவுசரிலிருந்தே நேராக ஏபிஐயைக் கூப்பிடும். இது போக மணிக்கு ஒருமுறை ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று. "வேறு டொமைன்" என்ற அந்த இரண்டு சொல்லில்தான் என் வயிற்றெரிச்சல் முழுவதும் இருக்கிறது.

பதிவுகளைக் கேட்டால் பாடியில், அதாவது பதிலின் உள்ளடக்கத்தில், வெறும் பதிவுகளின் பட்டியல் வரும். மொத்தம் எத்தனை பதிவு, அடுத்த பக்கத்தின் முகவரி எது என்பவை ஹெடரில் வரும். இந்த அமைப்பு எனக்கு இன்றும் பிடிக்கும். அடுத்த பக்கத்துக்கு லிங்க் ஹெடரைப் பயன்படுத்துகிறார்கள். அது அவர்கள் சொந்தமாகக் கண்டுபிடித்ததில்லை, முறையான தரம்; 2010-இல் ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) 5988-ஆக வந்து, 2017-இல் ஆர்எஃப்சி 8288-ஆகப் புதுப்பிக்கப்பட்டது. பக்க எண்ணைக் கூட்டி முகவரியை நாமே ஒட்டவேண்டிய வேலை இல்லை. அவர்கள் கொடுத்த முகவரியைப் பிடித்துக்கொண்டே போனால் போதும்.

முதல் வாரத்திலேயே இடித்தது. "மொத்தம் இத்தனை பதிவுகள்" என்று பக்கத்தின் மேலே காட்டவேண்டும். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேப்பைத் திறந்தால் மொத்த எண்ணிக்கை ஹெடர் பளிச்சென்று நிற்கிறது. அதே ஹெடரை ஜாவாஸ்கிரிப்டில் (பக்கத்துக்குள் ஓடும் கோடில்) கேட்டால் நல், அதாவது ஒன்றுமில்லை, என்கிறது. பெயரில் எழுத்துப்பிழையா என்று பார்த்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றிப் பார்த்தேன். ஹெடர் பெயரில் அந்த வித்தியாசமே கிடையாது, எச்டிடிபி 2-இல் எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில்தான் போகும். பிரவுசர் இல்லாமலே கட்டளை வரியிலிருந்து கேட்கும் கர்ல் போட்டுப் பார்த்தாலும் ஹெடர் வருகிறது. என் கோடுக்கு மட்டும் வரவில்லை.

காரணம் பிரவுசரின் பாதுகாப்பு விதி. வேறு டொமைனிலிருந்து வரும் ரெஸ்பான்ஸில், சர்வர் தனியாக அனுமதி தராவிட்டால், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஏழே ஏழு ஹெடர்கள்தான் தெரியும்: கேஷ்-கன்ட்ரோல், கன்டென்ட்-லாங்வேஜ், கன்டென்ட்-லெங்த், கன்டென்ட்-டைப், எக்ஸ்பயர்ஸ், லாஸ்ட்-மாடிஃபைடு, பிராக்மா. மற்றவை வந்து சேரும், ஆனால் கோடு தொட முடியாது. அவற்றைத் திறந்துவிட ஆக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ் என்ற இன்னொரு ஹெடரில் பெயர்களைச் சொல்லவேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்கலாம். ஆனால் குக்கியோடு போகும் ரிக்வெஸ்டில் அந்த நட்சத்திரம் செல்லாது, பெயர் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் தளக்காரர்கள் இந்த வரியையே போடவில்லை. லிங்க் ஹெடரைக்கூடத் திறக்கவில்லை. அடுத்த பக்கம் எது என்பதை ஹெடரில் மட்டுமே சொல்லிவிட்டு, பிரவுசரில் அதைப் படிக்க முடியாமல் வைப்பது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எழுதினேன். மூன்று வாரத்தில் சரிசெய்தார்கள், நன்றாகவே பதில் எழுதினார்கள். ஒன்றரை வருடம் கழித்து ஏபிஐயின் புதிய பதிப்பில் அந்த வரி மறுபடி காணாமல் போனது. மறுபடி எழுதினேன், மறுபடி வந்தது. இப்போது மூன்றாவது முறை. இதுதான் மோசமானது, ஏனென்றால் இந்த முறை வரி போகவும் இல்லை, முழுசாக இருக்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பதிவு எண்ணிக்கை சில நேரம் வரும், சில நேரம் வராது. வராதபோது அடுத்த பக்கத்துக்கான பொத்தானும் வேலை செய்யாது. நான் பார்க்கும்போது பெரும்பாலும் சரியாக இருக்கும். வாசகர் சொல்லும்போது உடைந்திருக்கும். இரண்டாம் நாள், உடைந்த ஒரு ரெஸ்பான்ஸ் கையில் சிக்கியது. அதன் ஹெடர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தேன். ஏஜ்: 37. இந்தப் பிரதி கேஷுக்கு (பதிலைக் கொஞ்ச நேரம் சேமித்து வைத்து, அடுத்துக் கேட்பவருக்கும் அதையே தரும் இடத்துக்கு) வந்து 37 வினாடி ஆகிறது என்று அர்த்தம். கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்து அடித்து முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை. சரியாகப் பத்து மணிக்கு ஓடியது எங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட்.

அங்கே பிடிபட்டது. பிரவுசர் வேறு டொமைனைக் கூப்பிடும்போது ஆரிஜின் என்ற ஹெடரை அனுப்பும். ஸ்கிரிப்ட் அதை அனுப்பாது. இவர்கள் சர்வர், ஆரிஜின் இருந்தால் மட்டும் அந்த எக்ஸ்போஸ் வரியைச் சேர்க்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் அப்படி ஆளுக்கு ஆள் ரெஸ்பான்ஸ் மாறும் என்றால், வேரி ஹெடரில் ஆரிஜின் என்று எழுதி, நடுவில் இருக்கும் கேஷுக்கு அதைச் சொல்லவேண்டும். சொல்லவில்லை. வாசகர் பக்கம் கேட்கும் அதே பட்டியலை ஸ்கிரிப்டும் ஒருமுறை கேட்கும். ஆகவே காலாவதியான கேஷை எங்கள் ஸ்கிரிப்ட் முதலில் தட்டினால், எக்ஸ்போஸ் வரி இல்லாத பிரதி உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. கேஷின் ஆயுள் 600 வினாடி. அந்தப் பத்து நிமிடம் வரும் வாசகர் எல்லோருக்கும் அந்த மூளிப் பிரதிதான். முதலில் பிரவுசர் தட்டினால் எல்லாம் நலம். எங்கள் பதிவுகளைப் பாதுகாக்க நாங்களே எழுதிய ஸ்கிரிப்ட், எங்கள் வாசகரின் பக்கத்தை மணிக்கு ஒருமுறை உடைத்துக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். இதே தளம்தான் எனக்கு ஈடேக்கின் அருமையைக் காட்டியது. ஒவ்வொரு ரெஸ்பான்ஸோடும் ஒரு ஈடேக், அதாவது உள்ளடக்கத்தின் அந்தப் பதிப்புக்கான அடையாளக் குறி, வரும். அதை அடுத்த முறை இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் திருப்பி அனுப்பினால், எதுவும் மாறாதபோது 304 (மாறவில்லை) என்ற நிலை எண்ணோடு வெறும் ஹெடர்கள் மட்டும் வரும், பாடி கிடையாது. முதலில் எங்களுக்கு இது பலிக்கவில்லை. பதிவுகளைப் புதியது முதலில் என்ற வரிசையில் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு பதிவு சேர்ந்தால் எல்லாப் பக்கத்திலும் ஒவ்வொரு பதிவு நகர்ந்து, எல்லா ஈடேக்கும் மாறிவிடும். பேக்கப்புக்கு மட்டும் பழையது முதலில் என்று வரிசையைத் திருப்பினேன். பக்கத்துக்கு 100 பதிவு, 24 பக்கம். புதிதாக ஒன்று சேர்ந்தால் கடைசிப் பக்கம் மட்டும் மாறும், மற்ற 23-க்கும் 304. பழைய பதிவில் யாராவது ஒரு கமாவைத் திருத்தினால் அந்த ஒரு பக்கம் மட்டும் புதிதாக வரும். லாக்கில் 304, 304, 304 என்று வரிசையாக இறங்கி நடுவில் ஒரே ஒரு 200 (புதிய பாடியோடு முழுப் பதில்) வருவதைப் பார்க்கும்போது, அதைச் செய்த முகம் தெரியாத ஆளுக்கு நன்றி சொல்லத் தோன்றும். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அது பொய் சொன்னதில்லை. மாறிய பதிவைத் தவறவிட்டதும் இல்லை.

அதே ஈடேக்கை எழுதும் பக்கத்துக்குக் கொண்டுபோனால் கதை வேறு. இருவர் ஒரே பதிவைத் திருத்தும்போது ஒருவர் வேலையை மற்றவர் அழித்துவிடாமல் இருக்க, ஈடேக்கை இஃப்-மேட்ச் ஹெடரில் வைத்து அனுப்பவேண்டும். இடையில் பதிவு மாறியிருந்தால் 412, அதாவது நிபந்தனை பொருந்தவில்லை என்ற மறுப்பு, வரும். எங்களுக்கு எதுவுமே மாறாதபோதும் 412 வந்தது. ரெஸ்பான்ஸை ஜிஜிப் முறையில் சுருக்கி (கம்ப்ரஷன்) அனுப்பும் முன்சர்வர் ஈடேக்கின் முன்னால் டபிள்யூ என்ற எழுத்தையும் ஒரு சாய்கோட்டையும் சேர்த்துவிடுகிறது. அப்படிச் செய்தால் அது வீக் ஈடேக், அதாவது உள்ளடக்கம் எழுத்துக்கு எழுத்து அதேதான் என்று உறுதி தராத ஈடேக். 304-க்கு அது போதும். இஃப்-மேட்ச் வீக் ஈடேக்கை ஒருபோதும் ஏற்காது, விதியே அப்படி. திருத்தும் வேலை எங்கள் சர்வர் வழியாகப் போவதால், அந்த ஒரு பதிவைக் கேட்கும்போது மட்டும் கம்ப்ரஷன் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறோம். பிரவுசரிலிருந்து நேராகச் செய்கிறவர்களுக்கு இந்த வழியும் இல்லை, கம்ப்ரஷன் வேண்டுமா என்று சொல்லும் அக்செப்ட்-என்கோடிங் ஹெடரை ஜாவாஸ்கிரிப்ட் மாற்ற முடியாது.

எப்போது மறுபடி கேட்கலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் பற்றி ஒரு வரி. அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம் என்ற 429 வரும்போது ஓரிடத்தில் வினாடியாகவும் இன்னோரிடத்தில் தேதியாகவும் அனுப்புகிறார்கள். இரண்டுமே தரத்தில் அனுமதி உள்ளவை, அவர்களைக் குறை சொல்லமாட்டேன். உங்கள் கோடு இரண்டையும் படிக்கட்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நண்பர், "அப்போ எடுக்கலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். நான்கு வருடத்தில் ஒரு பதிவுகூடத் தொலையவில்லை, சர்வர் படுத்ததும் அரிது, நாங்களும் அங்கிருந்து மாறப்போவதில்லை. இருந்தும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம்தான். அடுத்த வருடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும். ஒரே வரியை மூன்றாவது முறை கேட்டு வாங்கிய வாரத்தில் என்னிடமிருந்து வேறு பதில் வராது.

இந்த முறை இரண்டே நாளில் சரிசெய்துவிட்டார்கள். வேரியில் ஆரிஜின் வந்துவிட்டதை நானும் பார்த்தேன். காத்திருந்த அந்த இரண்டு நாளுக்காக, பேக்கப் ஸ்கிரிப்டும் பிரவுசர் போலவே ஆரிஜினை அனுப்பும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியை நான் இன்னும் எடுக்கவில்லை.