புகலிடம் தேடி வந்தவர்களுக்குத் துணைபோகும் திட்டம்: உள்ளே இருந்து ஒரு மதிப்பீடு

நாடு விட்டு வந்து புகலிடம் கேட்டிருக்கும் ஒருவருடனோ ஒரு குடும்பத்துடனோ ஒரு தன்னார்வலரைச் சேர்த்துவிடும் திட்டம் இது. வாரத்தில் அரை நாள் கொடுக்க வேண்டும். அலுவலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று அவர்கள் போகிற இடத்துக்குக் கூடப் போவது, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, புகலிடம் கேட்ட நாட்டின் மொழியைப் பேசிப் பழக்குவது, இவைதான் வேலை. சில வருடங்களாக இதில் இருக்கிறேன். சேரலாமா என்று யாராவது கேட்டால் தாராளமாகச் சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அதனால் அமைப்பின் பெயரைப் போடவில்லை. இதே முறையில் இயங்கும் அமைப்புகள் பல நாடுகளில் இருக்கின்றன.

பயிற்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே மிகச் சிறந்தது அதுதான். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலிருந்தே தொடங்கினார்கள். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்ற காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தில் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. அந்தப் பாதுகாப்பைக் கேட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 33ஆம் பிரிவு. ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய்ச் சொன்னவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 31ஆம் பிரிவு. வருகிறவர்கள் எல்லோரையும் ஒரே வார்த்தையில் சட்டவிரோதம் என்று ஒதுக்கிப் பேசுகிறவர்களுக்கு இப்போது என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடிகிறது. அதற்காகவே அந்தப் பயிற்சிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு கண்டிப்பான விதி: “ஏன் வந்தீர்கள்?” என்று கேட்கவே கூடாது. மரியாதை ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்குப் புதிதாக இருந்தது. புகலிட விசாரணையில் ஒருவர் முதலில் சொன்னதையும் பின்னால் சொன்னதையும் வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். தேதி ஒன்று முன்பின்னாக மாறினால்கூட நம்பகத்தன்மை இல்லை என்று எழுதிவிடலாம். நல்லெண்ணத்தில் நாம் உட்கார்ந்து அவர் கதையை ‘ஒழுங்குபடுத்தி’ எழுதிக் கொடுத்தால் அதுவே அவர் கேஸைக் கெடுத்துவிடக்கூடும். அது வக்கீலின் வேலை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உரிய பதிவோ தகுதியோ இல்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றமும்கூட. நாங்கள் செய்யக்கூடியது நல்ல வக்கீலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது.

மனம் உடைந்திருப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு, உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பார், கேள், இணை, அவ்வளவுதான் அதன் சாரம். துருவித் துருவிக் கேட்பதல்ல இங்கே கேட்பது. அவர்களாகச் சொன்னால் காது கொடுப்பது.

இனி நடைமுறை வேலை. நான் வங்கியில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவள். அந்த அனுபவம் இங்கே இவ்வளவு பயன்படும் என்று நினைக்கவில்லை. புதிதாக வந்தவர்களின் முக்கால்வாசித் தொல்லை காகிதத்தில்தான் இருக்கிறது. பிறந்த தேதி ஆவணம் இல்லாத பலருக்கு ஜனவரி 1 என்று பதிந்துவிடுகிறார்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. ஒரு அலுவலகத்தில் அதே பெயரை இரண்டு முறை அடிப்பார்கள், இன்னொன்றில் அப்பா பெயரைச் சேர்ப்பார்கள், மூன்றாவதில் எழுத்தே மாறிவிடும். பிறகு வங்கிக் கணக்கு திறக்கப் போனால் மூன்று காகிதமும் மூன்று ஆளைக் காட்டும். நான் துணைபோகும் எவரிடமும் முதலில் செய்வது இதுதான்: எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி, பெயரும் தேதியும் எங்கெங்கே எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். திருத்த வேண்டியதை எந்த அலுவலகத்தில் திருத்த வேண்டும் என்று வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்போம்.

ஒரு தாயையும் பள்ளிக்கூடம் போகும் மகனையும் பற்றிச் சொல்ல வேண்டும். தாய்க்கு உடம்புக்கு முடியவில்லை, மருத்துவமனைக்குப் போனோம். “பையனுக்குத்தான் மொழி தெரியுமே, அவனே சொல்லட்டும்” என்றார் வரவேற்பில் இருந்தவர். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்று பயிற்சியில் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். ஒரு தாய் தன் உடம்பைப் பற்றி மகன் வாயால் டாக்டரிடம் சொல்லவைப்பது இருவருக்கும் கொடுமை. அவன் முன்னால் அவர் பாதியை மறைத்துவிடுவார், மீதிப் பாதியைக் கேட்டு அவன் பயந்துவிடுவான். தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது என்று கேட்டேன். வெகுநேரம் காத்திருந்தோம், கிடைத்தார். பையன் வெளியே என்னோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தான். இப்படிக் கேட்க உரிமை உண்டு என்பதே அந்தத் தாய்க்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த முறை நான் போகவில்லை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

துணைபோகும் தன்னார்வலர் வந்தவரின் மொழியே பேசுபவர் என்றால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். எப்போதும் அப்படியில்லை. பேசியது ஊருக்குப் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஒரே மொழி பேசுபவரைச் சேர்ப்பதற்கு முன் இவர்கள் வந்தவரிடம் சம்மதம் கேட்கிறார்கள். படம் எடுக்கக் கூடாது, பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது என்ற விதிகளும் உண்டு. கடன் கொடுத்த இடத்தில் சமமாகப் பேச முடியாது, எனக்கு அதில் முழுச் சம்மதம்.

காத்திருக்கும் காலத்தை நிரப்புவதில் திட்டம் சுமார்தான். புகலிடம் கோருபவர் பல நாடுகளில் உடனே வேலைக்குப் போக முடியாது. பிரிட்டனில் ஒரு வருடம் முடிவு வராமல் இருந்தால்தான் அனுமதியே கேட்கலாம். கை நிறையத் தொழில் தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். வாராந்திரக் கூடுகை நடத்துகிறார்கள், நல்லது. ஆனால் கற்றுக்கொள்வதற்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள். தையல்காரரும் ஆசிரியரும் தங்களுக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே இடம் வேண்டும்.

இன்னொரு குறை, ஒருங்கிணைப்பாளர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். புதிதாக வருகிறவர் ‘அறிமுகத்துக்காக’ குடும்பத்தின் கதையை மறுபடி கேட்கிறார். எங்களைக் கேட்காதே என்று சொல்லிவிட்டு அலுவலகமே கேட்கலாமா? பயணச் செலவைத் திருப்பித் தருவதிலும் தாமதம். எனக்குப் பரவாயில்லை, படிக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய தொகை.

சரி, அந்தப் பெரிய ஓட்டை. கோரிக்கை ஏற்கப்பட்டதும் இவர்கள் கோப்பை மூடிவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் நல்ல முடிவு. உள்ளே இருப்பவருக்கு மிகக் கடினமான நாட்கள் அன்றுதான் தொடங்குகின்றன. காத்திருப்போருக்கென்று கொடுத்த தங்குமிடமும் உதவித்தொகையும் நிற்கும். பிரிட்டனில் நெடுங்காலம் அதற்குக் கொடுத்த அவகாசம் 28 நாள். அதற்குள் வாடகை வீடு வேண்டும். வீடு தருபவர் சம்பளச் சீட்டு கேட்பார், வேலை தருபவர் வங்கிக் கணக்கு கேட்பார், வங்கி முகவரி கேட்கும். அகதி என்று ஏற்கப்பட்ட அதே மாதத்தில் தெருவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மொழியில் கொஞ்சம், ஊரில் கொஞ்சம் என்று பழகியிருக்கும் அந்த நேரத்தில் கூட நிற்கிற ஆளை எடுத்துவிடுவது சரியில்லை. முடிவு வந்தபின் ஆறு மாதமாவது துணை தொடர வேண்டும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் மட்டும் இவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். மேல்முறையீட்டுக்கான நாட்கள் குறைவு என்பதால் அன்றே வக்கீலுக்குத் தகவல் போகிறது. தன்னார்வலர்கள் மனம் விட்டுப் பேச ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. நான் பயன்படுத்தியிருக்கிறேன், அந்தப் பக்கம் பேசியவர் அவசரப்படவில்லை.

வேலை நாளில் பகல் நேரம் இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. அலுவலகங்கள் அப்போதுதான் திறந்திருக்கும். சேரும் முன் உங்கள் ஊர் அமைப்பிடம், முடிவு வந்த பிறகு எத்தனை மாதம் துணை தொடரும் என்று கேளுங்கள். ஆறு மாத யோசனையை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விதி மாறினால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.