நிழலில் உலர்ந்த செம்பருத்தி: கோடைத் தேநீருக்கு எதை வாங்கலாம்?

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே, வீட்டில் மூலிகைத் தேநீர் போட்டுக் குளிரவைத்துக் குடிப்பதற்காக, உலர்ந்த செம்பருத்தி இதழ்களை இந்த ஆண்டு இரண்டு இடங்களில் வாங்கினேன். ஒன்று இணையத்தில் தருவித்த, பளபளப்பான உறையில் வந்த 50 கிராம் பொட்டலம். விலை 220 ரூபாய். மற்றொன்று எங்கள் ஊர் உழவர் சந்தை வாசலில் கீரை விற்கும் ஓர் அம்மா பழைய நாளிதழில் மடித்துக் கொடுத்தது. அதே எடைக்கு 90 ரூபாய்.

உறையில் வந்ததைப் பிரித்துத் தட்டில் கொட்டியபோது, இதழ்களோடு காம்புகளும் மகரந்தத் தண்டுகளும் கலந்திருந்தன. இதழ்களின் ஓரங்கள் பழுப்பேறி, விரலால் தொட்டாலே தூளாயின. சந்தையில் வாங்கியவை கருஞ்சிவப்பு நிறத்தில், ஒவ்வொரு இதழிலும் நரம்பு தெரியும்படி முழுதாக இருந்தன. எப்படிக் காயவைத்தீர்கள் என்று கேட்டேன். “வெயில்ல போட்டா நெறம் ஓடிரும் தம்பி, வீட்டுக்குள்ள வேட்டியில பரப்பித்தான் போடுவேன்” என்றார். ஐந்து இதழ் கொண்ட ஒற்றை அடுக்கு நாட்டுச் செம்பருத்தியை மட்டுமே அவர் பறிப்பதாகவும் சொன்னார்.

இந்த வேறுபாடு கோப்பையில் அப்படியே தெரிகிறது. செம்பருத்திக்கு நிறம் தரும் அந்தோசயனின் என்னும் நிறமி, வெயிலிலும் ஒளியிலும் எளிதில் சிதைந்துவிடக்கூடியது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஒரு கைப்பிடி இதழ்களைப் போட்டு மூடிவைத்தால், சந்தை இதழ்கள் சில நிமிடங்களிலேயே வெளிறி, தம் நிறம் முழுவதையும் நீருக்குக் கொடுத்துவிடுகின்றன. முதலில் மங்கிய ஊதாவாகத் தெரியும் அந்த நீரில் பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தவுடன், புளிப்பு பட்ட இடத்திலிருந்து மாதுளைச் சிவப்பு பரவுவதைக் கண்ணாடிக் குவளையில் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதற்காகவே சமையலறைக்கு ஓடி வருகிறார்கள். உறையில் வந்த இதழ்களிலோ எத்தனை துளி பிழிந்தும் செங்கல் கரைத்த நீர் போன்ற நிறத்துக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. வாயில் வைக்கோல் வாடைதான் நின்றது.

ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தால் சுவை கூடும் என்று நம்பி அப்படியே குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். செம்பருத்தி இதழில் இயல்பாகவே வழவழப்பு உண்டு. அதைத் தலைக்குத் தேய்ப்பதே அதற்காகத்தானே? காலையில் அந்த நீர் வெண்டைக்காய் ஊறிய நீரைப் போல நூல்விட்டது. எனவே இந்தப் பூவைப் பொறுத்தவரை, சுடுநீரில் 6 அல்லது 7 நிமிடம் வைத்து உடனே வடிகட்டுவதே சரியான முறை என்று உறுதியாகச் சொல்வேன். பனிக்கட்டி போட்டுக் குடிப்பதானால், அது உருகித் தேநீர் நீர்த்துப்போகும் என்பதால், வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு இதழ்களைப் போட வேண்டும். பனங்கற்கண்டைச் சூடாக இருக்கும்போதே கரைத்துவிட வேண்டும். குளிர்ந்த பிறகு போட்டால் அது அடியிலேயே தங்கிவிடுகிறது. ஒரு கொத்துப் புதினாவைக் கசக்காமல் கடைசியில் சேர்த்தால் போதும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களில் போட்டால் நிறம் கறுத்துவிடும். எவர்சில்வரும் கண்ணாடியும் நல்லவை. மீதமானதை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் குடித்துவிடுவது நல்லது.

கருவுற்றிருக்கும் பெண்கள் செம்பருத்தியைத் தவிர்த்துவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிப்பதே நன்று. உறையின் மேல் நோய்களின் பெயர்களை நீளமாக அச்சடித்திருந்த அந்த நிறுவனம், இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை என்பதே விலையைவிட என்னை வருத்தியது.

சந்தைப் பொட்டலத்திலும் ஒரு குறை உண்டு: எப்போது பறித்தது, எப்போது காய்ந்தது என்ற குறிப்பு எதுவும் அதில் இல்லை, நாளிதழ் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. வாங்கிய அன்றே ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் மாற்றி, தேதி எழுதிய தாளை ஒட்டி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது புட்டியும் இப்போது பாதிக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் 100 கிராம் எடுத்து வைக்கும்படி அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.