நீர் இறங்கும் பேவர் பிளாக்: ஏரிக்கரைத் தெருவுக்கு வாங்கலாமா?

வேலூரின் கழிஞ்சூர், ஓட்டேரி போன்ற ஏரியோரத் தெருக்களில் கான்கிரீட் பூசி மழைநீரைச் சாக்கடைக்குத் தள்ளுவதைவிட இடுக்கு வழியே அதை மண்ணுக்குள் இறக்கும் இந்தத் தரைக்கல் (பேவர் பிளாக்) எவ்வளவோ மேல். நடக்க 60 மி.மீ. கனம் போதும்; ஆட்டோ, டெம்போ ஏறினால் 80 மி.மீ. கேளுங்கள்.

சரக்கில் குறையில்லை, கெடுவது போடும் விதத்தில்தான். அடியில் 20 மி.மீ. ஜல்லி 150 மி.மீ. உயரத்துக்கு, அதன்மேல் 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி) 40 மி.மீ. உயரத்துக்கு; பிளாக்குகளின் இடுக்கிலும் அதே சிப்ஸ். மேஸ்திரிகள் பழக்கதோஷத்தில் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கொட்டுவார்கள், விடாதீர்கள்: அதிலுள்ள தூள் இடுக்கை அடைத்துத் தண்ணீர் மேலேயே தேங்கும். களிமண் தரையென்றால் ஜல்லிக்கு அடியில், மண்ணைத் தடுத்து நீரை விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி கட்டாயம்; இல்லாவிட்டால் சேறு ஜல்லிக்குள் ஏறிவிடும். புங்க மரத்தடியில் சருகை அடிக்கடி பெருக்க வேண்டும்.

ஏரிக்கரை மேட்டின்மீது மட்டும் இதைப் போடவே கூடாது; நீர் உள்ளே இறங்கினால் கரை இளகும்.