பிஜிஎம்ஐ ஐடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்

14,500 ரூபாய் போய்விட்டது. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் மாட்டக் கூடாது.

மெசேஜிங் ஆப்பில் பிஜிஎம்ஐ மொபைல் கேம் ஐடி, அதாவது விளையாட்டுக் கணக்கு, வாங்கி விற்கும் குழு அது. பெயர் போடவில்லை, போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். கிளேசியர் எம்416 என்ற துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கிக்கான அலங்காரத் தோற்றம்) இருக்கிற பழைய ஐடி ஒன்று விலைக்கு வந்தது. அந்த ஸ்கின்னுக்காக கிரேட் (அதிர்ஷ்டப் பெட்டி) திறந்து யூசி (காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயம்) கரைத்தவர்களுக்குத் தெரியும், 14,500 ஏன் நியாயமான விலையாகத் தோன்றும் என்று.

விற்றவனை நான் நம்பவில்லை. குழு அட்மினைத்தான் நம்பினேன், அவர்தான் மிடில்மேன். "பணம் என்கிட்டதான் இருக்கும் ப்ரோ. நீங்க ஐடி செக் பண்ணி ஓகே சொன்னாதான் அவருக்குப் போகும்" என்று போன் போட்டே பேசினார். பின்னால் குழந்தை அழுதது, "ஒரு நிமிஷம் ப்ரோ" என்று சமாதானப்படுத்திவிட்டு வந்து பேசினார். குடும்பஸ்தர், ஏமாற்ற மாட்டார் என்று மனசு சொன்னது. யூபிஐயில் அனுப்பினேன்.

ஐடியோடு, அது இணைந்திருக்கிற ஜிமெயில் கணக்கும் வந்தது. பாஸ்வேர்டு மாற்றினேன், மீட்பு எண்ணாக என் நம்பரைப் போட்டேன், மற்ற எல்லா போனிலிருந்தும் லாக் அவுட் செய்தேன். ஓகே சொன்னேன். ஒரு வாரம் முடியவில்லை, மெயிலும் போச்சு, ஐடியும் போச்சு.

எப்படி என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். மீட்பு எண்ணை மாற்றினாலும், 7 நாள் வரை பழைய எண்ணுக்கே சரிபார்ப்புக் குறியீடு அனுப்ப கூகுள் இடம் கொடுக்கலாம். கணக்கைத் திருடு கொடுத்தவர் மீட்பதற்கான வசதி. இந்தத் திருடன்கள் அதை வைத்துத்தான் விற்றதைத் திரும்பப் பிடுங்குகிறார்கள். தினமும் இதே வியாபாரம் செய்கிற அட்மினுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் அன்றைக்கே பணத்தைக் கைமாற்றினார்.

கேட்டால் முதலில் "ஓகே சொன்னது நீங்கதானே ப்ரோ". அப்புறம் "அவர் ஊர்ல இல்ல, திங்கட்கிழமை பேசறேன்". திங்கட்கிழமை நான் குழுவிலேயே இல்லை, தூக்கிவிட்டார்கள். வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் என்று முடித்துவிட்டார்கள். ஐடி விற்பதே விதிமீறல், அதனால் விளையாட்டு நிறுவனத்திடம் போய் நிற்கவும் வழியில்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். 14,500 ரூபாய், எனக்குச் சின்னத் தொகை இல்லை.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: மெயில் கைமாறி 7 நாள் தாண்டும்வரை மிடில்மேன் பணத்தை விடக் கூடாது, அதற்கு ஒத்துக்கொள்ளாதவனிடம் பேச்சே வேண்டாம். "ப்ரூஃப்" ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ஏமாந்தால் உடனே 1930, தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. அதே ஐடி, அதில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் அதே இன்வென்டரி வீடியோ, இப்போது வேறொரு குழுவில் 16,000-க்கு ஓடுகிறது. கிளேசியர் எம்416 ஐடி யாராவது காட்டினால் பணம் போடுவதற்கு முன் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், அந்த வீடியோவா என்று பார்த்துச் சொல்கிறேன்.