குன்னூர்க் குளிரில் ஒரு போலராய்டு எஸ்எக்ஸ்-70

நீலகிரிக்கு வருகிற எல்லோரும் கேமராவைத் தூரத்து மலைகளை நோக்கித்தான் திருப்புகிறார்கள். கையில் இருப்பது, எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் போலராய்டு எஸ்எக்ஸ்-70 என்றால் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். குன்னூரில் குடியிருந்தபடி சில வருடங்களாக இதை விடாமல் பயன்படுத்தி வருகிறேன். தொட்டபெட்டாவில் நின்று எடுத்த பள்ளத்தாக்குப் படங்கள் எல்லாம் வெளிறிய சாம்பல் பட்டைகளாகத்தான் வந்தன. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவின் விரல்களைக் கிட்டப் போய் எடுத்த படமோ இன்னும் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

அதற்குக் காரணம் லென்ஸ். குவியத் தூரம் 116 மி.மீ., துளை எஃப்/8, கண்ணாடியால் ஆனது, 26 செ.மீ. வரை நெருங்கலாம். படம் பதிவது 79 மி.மீ. சதுரத்துக்குள். அவ்வளவு சிறிய சதுரத்தில் ஒரு முகம் நிறைந்து நிற்கும், ஒரு மலைத்தொடர் நிற்காது. எட்வின் லேண்டின் போலராய்டு கம்பெனி 1972இல் கொண்டுவந்த மாடல் இது. மடித்தால் தட்டையாகிக் கோட்டுப் பையில் அடங்கிவிடும். எந்த லென்ஸ் வழியாகப் படம் பதிகிறதோ அதன் வழியாகவே நாமும் பார்க்கிறோம். ஃபோகஸ் கையால்தான் செய்ய வேண்டும். என்னுடையதில் நடுவே பிளவு வட்டம் இருக்கிறது, இரண்டு பாதிகளும் சேர்ந்தால் ஃபோகஸ் சரி. கண் இமையிலோ புடவைக் கரையிலோ கோட்டைப் பிடித்துவிடலாம். மேகம் இறங்கிய சரிவில் பிடிக்க எதுவும் அகப்படாது.

இந்த ஊரில் இந்தக் கேமராவை ஆட்டிவைப்பது குளிர். இப்போது கிடைக்கும் ஃபிலிம் 13 டிகிரியிலிருந்து 28 டிகிரி வரை சரியாக வேலை செய்யும். பட்டனை அழுத்தியதும் இரண்டு உருளைகள் படத்தின் அடியிலுள்ள ரசாயனப் பசையைப் பிழிந்து பரப்புகின்றன. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்தப் பசைக்குள்தான். 13 டிகிரிக்குக் கீழே போனால் படம் வெளிறும், நீலம் ஏறும், நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கும். 28ஐத் தாண்டினால் மஞ்சளும் சிவப்பும் தூக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லின் மேல் உறைபனி படியும் காலையில் நீலம் உறுதி. அதே ஃபிலிம் பேக்கோடு பஸ் ஏறி ஏப்ரல் மதியத்தில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் மஞ்சள் உறுதி.

அதனால் குளிர்காலத்தில் படம் எடுக்கும் நிமிடம் வரை கேமராவைச் சால்வைக்குள்ளேயே வைத்திருப்பேன். வெளியே வந்த படத்தை உடனே இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில் போட்டுவிடுவேன். வெளிச்சத்திலிருந்து மறைப்பதும் உடம்புச் சூட்டில் காப்பதும் ஒரே வேலையாக முடிகிறது. வளையக் கூடாது, உதறவும் கூடாது. கலர் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

மூடுபனி இன்னொரு சிக்கல். எங்கும் வெள்ளையாக இருப்பதால், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து படத்தை இருட்டாக்கும். குளிரோ எதிர்ப் பக்கம் இழுத்து வெளிறச் செய்யும். எனக்குக் கைகொடுத்த வழி, முதலில் சூட்டைச் சரிசெய்வது. அப்புறம் படத்தை வெளுக்கவோ கறுக்கவோ வைக்க முன்னாலிருக்கும் சக்கரத்தை வெள்ளைப் பக்கம் ஒரு படி திருப்புவது. ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் படுகர் ஊர்களிலிருந்து வெள்ளை உடையில் வருகிறவர்களை எடுக்கும்போதும் இதே கணக்குதான். வெள்ளைத் துணியைப் பார்த்து மீட்டர் முகத்தைக் கறுக்க வைத்துவிடும், சக்கரத்தைக் கொஞ்சம் தள்ள வேண்டும்.

ஃபிலிம் இந்த மலைக்குப் புதிதல்ல. ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்தது. அங்கிருந்து போன கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் நாடு முழுக்கப் பயன்பட்டன. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் அவருடைய படத்தைக் கொடுத்தேன். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. விளிம்பை மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, "கோட்டிங் ஒரே சீரா இருக்கு தம்பி, எங்கே போடறாங்க?" என்றார். ஃபிலிம் தயாராவது நெதர்லாந்தில் எஞ்செடே என்ற ஊரில் என்றேன். 2008இல் போலராய்டு ஃபிலிம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, சிலர் சேர்ந்து அந்தக் கடைசி ஃபாக்டரியை மூடவிடாமல் காப்பாற்றியது, 2010இல் புதிய ஃபிலிம் வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். "காப்பாத்திட்டாங்களா" என்று இரண்டு முறை கேட்டார். இந்து நகர் வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது. நம்முடையதற்கும் அப்படி யாராவது வந்திருக்க வேண்டும்.

படத்தைக் கொடுத்துவிட முடிவதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. செல்போனில் எடுத்தால் "அனுப்பி வைக்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். இதில் படம் தெளியும் வரை பக்கத்தில் நின்று பேசியே ஆக வேண்டும், தெளிந்ததும் அது அவர்களுடையது. வாங்கியதும் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். உள்ளே இருக்கும் ஈரம் காயச் சில வாரங்கள் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூட.

ஈரம் கேமராவுக்கும் ஆகாது. லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், மேலே ஒட்டிய தோல் உரியும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், அந்த மாவுத்தூள் உருளைகளில் ஒட்டும். உருளையில் ஒரு துளி பசை காய்ந்திருந்தால்கூட ஒவ்வொரு படத்திலும் ஒரே இடைவெளியில் புள்ளி விழும். ஒவ்வொரு பேக்குக்கும் முன்னால் ஈரத் துணியால் துடைத்து, உலரவிட்டுத்தான் மாட்டுகிறேன். பிரிக்காத ஃபிலிமைக் குளிர்ச்சியாகப் படுக்கை வாட்டில் வைக்க வேண்டும். அதற்கு இங்கே வருடத்தின் பெரும்பகுதி ஃபிரிட்ஜே தேவையில்லை.

செலவு கூடத்தான். ஒரு பேக்கில் 8 படம், ஒரு படம் 200 ரூபாயைத் தாண்டிவிடும். பழைய பேக்குகளில் 10 இருந்ததால் கேமராவின் எண்ணி 10இலிருந்துதான் இறங்கும். 2 காட்டும்போது பேக் காலி என்று புரிந்துகொள்ள வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பேட்டரி கேமராவில் இல்லை, ஃபிலிம் பேக்கில் இருக்கிறது. படங்கள் தீர்ந்த பிறகும் அதில் மின்சாரம் மிச்சமிருக்கும். அப்படித் தீர்ந்த காலி கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் போட்டு ஷட்டரும் மோட்டாரும் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், மடிந்து விரியும் உறையான பெல்லோஸில் ஓட்டை இருக்கிறதா என்று உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த மலையில் இதைப் பழுது பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிடுவது நல்லது. நண்பர்களுக்காகப் பார்க்கப் போகும்போது காலி கார்ட்ரிட்ஜை நானே கையோடு எடுத்துப் போய்விடுவேன்.