எஞ்சின் எழுத்து எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது? ஃபோர்டு, செவ்ரலே, கிரைஸ்லர் அடையாள எண்கள்: ஓர் ஒப்பீடு

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தயாரான பழைய கார் ஒன்றை வாங்க நினைப்பவருக்கு ஃபோர்டு மஸ்டாங், செவ்ரலே கமாரோ, கிரைஸ்லர் குழுமத்தின் பிளிமத் பாரக்கூடா ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே கண்ணில் படும். எது அழகு, எது வேகம், எதற்கு உதிரி பாகம் எளிதில் கிடைக்கும் என்பவை பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. மூன்றும் அழகுதான், மூன்றுக்கும் பாகம் கிடைக்கும், முதலிரண்டுக்குச் சற்று மலிவாக. நான் பின்புறம் சரிந்த கூரை கொண்ட 1967ஆம் ஆண்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இவை எவையும் காரணமல்ல. தொழிற்சாலையில் வண்டியின் உடலிலேயே அடிக்கப்பட்ட அடையாள எண், அதாவது வின் எண், அந்த வண்டி எந்த எஞ்சினுடன் பிறந்தது என்பதைத் தானே சொல்லிவிடுகிறது என்பதுதான் காரணம்.

இன்று எல்லாக் கார்களிலும் காணப்படும் 17 இலக்க எண் 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் அமெரிக்காவில் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான முறையில் எண் கொடுத்தது. ஆகவே எண்ணைப் படிக்கும் முன் எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்பவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஃபோர்டின் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு, டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் வெள்ளை மஸ்டாங். அதன் எண் 5எஃப்08எஃப்100001. முதலில் உள்ள 5 என்பது 1965ஆம் ஆண்டு மாடலைக் குறிக்கும். அடுத்த எஃப் டியர்போர்ன் தொழிற்சாலையை. 08 கூரை மடியும் கன்வெர்ட்டிபிள் உடலை. அதன் பின் வரும் எஃப் 260 கன அங்குல வி8 எஞ்சினை. மீதமுள்ள ஆறு இலக்கங்கள் வரிசை எண்ணை. 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த முதல் மஸ்டாங்குகளை ஆர்வலர்கள் ‘அறுபத்து நாலரை’ என்று தனியாகப் பிரித்துப் பேசினாலும், ஃபோர்டு அவற்றுக்கும் 5 என்றே அடித்தது. சாதாரண 1967 ஃபாஸ்ட்பேக் ஒன்றில் 7ஆர்02ஏ என்று எண் தொடங்கினால், அது 1967 மாடல், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலையில் தயாரானது, ஃபாஸ்ட்பேக் உடல் கொண்டது, நான்கு பேரல் (காற்றும் பெட்ரோலும் கலந்து செல்லும் துளை) கார்புரேட்டருடன் 225 குதிரைத்திறன் தரும் 289 கன அங்குல எஞ்சினுடன் வெளிவந்தது என்பதை ஐந்தே குறிகளில் அறிந்துகொள்ளலாம்.

இந்த ஐந்தாவது குறிதான் விலையைத் தீர்மானிக்கிறது. 1965 முதல் 1967 வரை அங்கே சி என்று இருந்தால் இரண்டு பேரல் 289. கே என்று இருந்தால் 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் 289. வெளித்தோற்றத்தில் இரண்டு வண்டிகளும் ஒன்றுபோலவே இருக்கலாம். விலையோ வெகு தூரம் விலகி நிற்கும். ஒரே எழுத்து ஆண்டுக்கு ஆண்டு பொருள் மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தொடக்கத்தில் 260 எஞ்சினைக் குறித்த எஃப், 1968இல் இரண்டு பேரல் 302 எஞ்சினைக் குறித்தது.

இந்த எண்ணை எங்கே தேடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1965 முதல் 1967 வரையிலான மஸ்டாங்கில் ஓட்டுநர் கதவின் பின்விளிம்பில் ஒரு தகடு உண்டு. எண்ணோடு உடல் வகை, நிறம், உள்அலங்காரம், தயாரிப்புத் தேதி, விற்பனை மாவட்டம், பின் அச்சின் பல்விகிதம், கியர்பாக்ஸ் அனைத்தும் அதில் குறிகளாக இருக்கும். படிக்கச் சுவையான தகடுதான். ஆனால் கதவை மாற்றிவிடலாம், புதிதாக அடித்த தகடும் விலைக்குக் கிடைக்கிறது. ஆகவே நம்ப வேண்டியது பானெட்டைத் திறந்தால் இடப்பக்கச் சக்கரத்துக்கு மேலுள்ள உள் ஃபெண்டர் தகட்டில் நேரடியாக அடிக்கப்பட்டிருக்கும் எண்ணைத்தான். அதை வெட்டி எடுத்து இன்னொரு வண்டியில் பற்றவைக்கும் மோசடியும் நடக்கிறது என்பதால், வெளி ஃபெண்டரைக் கழற்றினால் மட்டுமே தெரியும் மறைவான இடங்களில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட வேண்டும். விலை அதிகமான கே வண்டி என்றால், விற்பவர் முகம் சுளித்தாலும் ஃபெண்டரைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

ஃபோர்டு பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1967ஆம் ஆண்டு மாடலிலிருந்து ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகள் அழியாமல் இருக்கின்றன. அவற்றை ஃபோர்டின் அனுமதியோடு வைத்திருக்கும் கெவின் மார்ட்டியின் நிறுவனம், வின் எண்ணைக் கொடுத்தால் அந்த வண்டி என்ன நிறத்தில், என்னென்ன வசதிகளுடன், எந்த நாளில் தயாரானது என்பதை அறிக்கையாகத் தருகிறது. கதவுத் தகடு போலியாக இருந்தால் இந்த அறிக்கையின் முன் நிற்காது. 1965, 1966 வண்டிகளுக்கு இந்த வசதி இல்லை. நான் 1967இல் நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இனி கமாரோ. 1969 கமாரோவின் எண் 124379என் என்று தொடங்கினால், 1 என்பது செவ்ரலே, 24 என்பது வி8 எஞ்சின் கொண்ட கமாரோ, 37 என்பது இரண்டு கதவு கூப்பே, 9 என்பது ஆண்டு, என் என்பது ஒஹையோவின் நார்வுட் தொழிற்சாலை. ஆறு சிலிண்டர் என்றால் 24க்குப் பதில் 23 இருக்கும். எஞ்சின் பற்றி அந்த எண் சொல்வது அவ்வளவுதான். மிக எளிய வி8 வண்டியும், பந்தயத்துக்கென்றே 302 எஞ்சின் பொருத்திய இசட்28 வண்டியும் ஒரே 12437இல்தான் தொடங்கும். அந்த ஆண்டு தயாரான 2,43,085 கமாரோக்களில் இசட்28 வண்டிகள் 20,302 மட்டுமே. இன்று சந்தையில் இசட்28 என்று பெயர் சூட்டிக்கொண்டு வருபவை எத்தனை என்பதை வாசகரின் ஊகத்துக்கே விடுகிறேன்.

அப்படியானால் இசட்28 என்பதை எப்படி நிறுவுவது? நார்வுட்டில் 1968 டிசம்பர் முதல் தயாரான வண்டிகளின் ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையேயுள்ள தடுப்பில், இருக்கும் தகட்டில் எக்ஸ்33, எக்ஸ்77 போன்ற குறிகள் உண்டு. அவை இசட்28 என்பதைக் காட்டும். கலிஃபோர்னியாவின் வான் நைஸ் தொழிற்சாலை வண்டிகளில் அந்தக் குறிகளே இல்லை. முதல் உரிமையாளரின் உத்தரவாதப் புத்தகத்தில் இருந்த சிறு அலுமினியத் தகடோ, வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று குறித்த தொழிற்சாலைத் தாளோ பிழைத்திருந்தால் அதிர்ஷ்டம். அவை இல்லையென்றால் கடைசிச் சான்று எஞ்சின் பிளாக்கில்தான் இருக்கிறது: வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சமதளத்தில் எஞ்சின் கூட்டப்பட்ட தேதியும், டிஇசட் என்ற எஞ்சின் குறியும், வண்டியின் வின் எண்ணிலிருந்து எடுத்த ஒரு பகுதியும்.

‘நம்பர்ஸ் மேட்சிங்’, அதாவது எஞ்சினின் எண்ணும் வண்டியின் எண்ணும் ஒத்துப்போவது, என்ற சொல்லை செவ்ரலே ஆர்வலர்கள் மந்திரம்போல் உச்சரிப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். வண்டியின் உடல் எதையும் சொல்லாதபோது, கழற்றி மாற்றக்கூடிய ஓர் இரும்புத் துண்டின் மேல் முழு மதிப்பும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பந்தயத்தில் ஓட்டி எஞ்சினை வெடிக்கவைத்த முதல் உரிமையாளர், டீலர் கொடுத்த மாற்று பிளாக்கைப் பொருத்திக்கொண்டு போயிருப்பார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, காகிதமும் இல்லாத அந்த வண்டி உண்மையான இசட்28 என்று நிறுவ வழியில்லை. எஞ்சினைப் புதுப்பிக்கையில் பட்டறைக்காரர் பிளாக்கின் மேற்பரப்பைச் சமன்செய்தால், நியாயமான வேலையிலேயே அந்தப் பொறிப்பு அழிந்துபோகும். அழிந்த இடத்தில் விரும்பிய எண்ணை அடிப்பதும் எளிது. தொழிற்சாலையின் வெட்டுக்கருவி விட்டுச்சென்ற மெல்லிய கோடுகள் அங்கே இருக்கின்றனவா என்று உருப்பெருக்கியுடன் பார்க்கும் நிபுணர்களுக்கு ஊதியம் கிடைப்பது இதனால்தான். மறுவிற்பனையின்போது வாங்குபவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் செவ்ரலே உரிமையாளர் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கே மஸ்டாங்கின் எஞ்சின் தொலைந்துபோனால் விலை குறையும், சந்தேகமில்லை. ஆனால் அது கே வண்டி என்பதை யாரும் மறுக்க முடியாது.

செவ்ரலே எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1966 முதல் 1968 வரை ஷெவெல் என்ற இன்னொரு செவ்ரலே காரின் 396 கன அங்குல எஞ்சின் வகையான எஸ்எஸ்396 வண்டிக்கு 138 என்ற தனித் தொடர் எண் இருந்தது. ஆகவே அந்த மூன்று ஆண்டு வண்டிகளை எண்ணை வைத்தே அடையாளம் காணலாம். 1969இல் அதைக் கூடுதல் வசதிப் பட்டியலுக்குள் தள்ளிவிட்டார்கள், அதோடு அந்தத் தெளிவும் போயிற்று. 1970இன் புகழ்பெற்ற 454 கன அங்குல எல்எஸ்6 எஞ்சின் கொண்ட ஷெவெல்லின் வின் எண்ணும் ஷெவெல் மாலிபு வி8க்குரிய 136தான். 1972இலிருந்து எஞ்சின் எழுத்து வின் எண்ணுக்குள் வந்தது. அப்போது குதிரைத்திறன் வேகமாகச் சரியத் தொடங்கியிருந்தது.

கிரைஸ்லர் பற்றி நான் சுருக்கமாகவே சொல்ல முடியும். சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. நண்பர்கள் வாங்கும்போது உடன் சென்று பார்த்த அளவே என் அனுபவம். எண்ணின் அமைப்பைப் பொறுத்தவரை அது ஃபோர்டுக்குச் சமமானது. பிஎஸ்23ஆர்0பி என்று தொடங்கினால் பாரக்கூடா, ‘ஸ்பெஷல்’ பிரிவு (‘கூடா’ என்ற உயர்திறன் வகை), இரண்டு கதவு ஹார்ட்டாப், 426 கன அங்குல ஹெமி எஞ்சின், 1970, ஹாம்ட்ராமிக் தொழிற்சாலை. அதோடு இடப்பக்க உள் ஃபெண்டரில் வசதிகளையெல்லாம் பட்டியலிடும் தகடும், இருக்கைச் சுருள்களுக்குள் மறந்துவிடப்பட்ட தொழிற்சாலைத் தாளும் கிடைப்பதுண்டு. அந்தத் தகடு இரண்டு திருகாணிகளில் நிற்கிறது என்பது எனக்கு உறுத்தல். ஆனால் 1968க்குப் பிந்தைய வண்டிகளில் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் வின் எண்ணின் பகுதி அடிக்கப்பட்டிருக்கும் என்பதால், என் 1967 மஸ்டாங்கைவிட அவை ஒரு படி மேல் என்றே சொல்ல வேண்டும். கே வகையைத் தவிர்த்தால் அந்தக் கால ஃபோர்டு எஞ்சின்களில் வண்டியின் எண் இருக்காது. பிளாக்கின் வார்ப்புத் தேதி, வண்டி தயாரான தேதிக்குச் சில வாரங்கள் முந்தியதாக இருக்கிறதா என்று பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பாரக்கூடாவை நான் விட்டதற்குக் காரணம் எண் அல்ல, விலை. ஹெமி எஞ்சின் கொண்ட ‘கூடா’ சாதாரணர் கைக்கு எட்டும் பொருள் அன்று. எட்டும் விலையில் இருந்த எளிய பாரக்கூடாக்களில் துருவே மிகுந்திருந்தது.

ஓட்டி மகிழ மட்டுமே வண்டி தேடுபவர், எஸ்எஸ் என்றோ இசட்28 என்றோ எந்தப் பட்டமும் சொல்லாத 327 எஞ்சின் கமாரோவைத் தயங்காமல் வாங்கலாம். பட்டத்துக்கு விலை கொடுக்காதவர் அதை நிரூபிக்கவும் தேவையில்லை. வின் எண்ணும் உரிமைப் பத்திரமும் ஒத்துப்போகின்றனவா, டேஷ்போர்டு அல்லது கதவுத்தூணில் உள்ள எண் தகட்டின் ரிவெட்டுகள் கலைக்கப்படாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். பட்டத்துக்காகக் கூடுதலாகப் பணம் கேட்கும் கமாரோவாக இருந்தால், காகிதம் முதலில் வரட்டும், பேரம் பிறகு.