கடலைக்கு வாங்கலாம், வற்றலுக்கு வேண்டாம்: அஃப்ளாடாக்சின் பட்டைச் சோதனைப் பெட்டி

அஃப்ளாடாக்சின் என்பது கடலையிலும் வற்றலிலும் பிடிக்கும் பூஞ்சை சுரக்கும், கல்லீரலைக் கெடுக்கும் நச்சு. செட்டிநாட்டில் செக்கு ஆட்டுபவர்களும் மசாலாப்பொடி அரைப்பவர்களும் வாங்கக்கூடிய, இதைக் காட்டும் சோதனைப் பட்டைகள் இரண்டு வகை. ஒன்று வரம்புக்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும். மற்றது சிறு கருவியில் செருகினால் எண் காட்டும். நிலக்கடலைக்கு இரண்டுமே உதவும். மிளகாய் வற்றலுக்கென்று பெட்டியில் தனியாக அச்சிட்டிருந்தால் ஒழிய அதற்கு வாங்க வேண்டாம்.

வேலை எளிது. அரைத்த மாவை எடைபோட்டு, 70 சதவீத மெத்தனாலிலோ எத்தனாலிலோ சில நிமிடம் குலுக்கி, வடிகட்டி, பெட்டியில் வரும் கரைசலில் நீர்க்க வைத்துப் பட்டையில் விட வேண்டும். சுமார் 10 நிமிடத்தில் கோடு தெரியும். தவறு நடப்பது கோட்டைப் படிக்கும்போதுதான்: இங்கே சோதனைக்கோடு மங்கினால் நச்சு அதிகம், அழுத்தமாக விழுந்தால் குறைவு. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை பழகிய கண் இதைத் தலைகீழாகப் படித்துவிடும். பட்டை சரியாக வேலை செய்தது என்று காட்டும் கட்டுப்பாட்டுக்கோடே விழாவிட்டால் பட்டையைத் தூக்கி எறியுங்கள். மெத்தனால் நஞ்சு; அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள். எத்தனால் வகை கிடைத்தால் அதுவே மேல்.

பட்டையைவிடப் பெரிய பிழை மாதிரி எடுப்பதில் இருக்கிறது. நச்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் மிக அதிகமாகக் குவிந்திருக்கும். மேலே ஒரு கைப்பிடி அள்ளினால் சுத்தம் என்றுதான் வரும். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி மூன்றிலும் குத்தூசி போட்டு, குறைந்தது சில கிலோவாவது சேர்த்து, அத்தனையையும் அரைத்துக் கலந்த பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும். கடையில் கொடுக்கும் விளக்கத்தாளில் இது ஒரு வரிதான் இருக்கும். பத்து வரி இருக்க வேண்டிய இடம்.

வற்றலில் சிக்கல் வேறு. மிளகாயின் சிவப்புச் சாயமும் எண்ணெய்ப்பசையும் கரைசலோடு வந்து கோட்டை மறைக்கும், ஓட்டத்தையும் தடுக்கும். குண்டு மிளகாயில் பூஞ்சை உள்ளே விதையோடு ஒட்டியிருக்கும். மேல்தோல் பளபளவென்று இருக்கும். வெள்ளை பூத்த சண்டு வற்றலை மலிவாக வாங்கிப் பொடியில் கலப்பதுதான் ஆபத்தான பழக்கம். வற்றலுக்கு ஆய்வகத்தில் ஹெச்பிஎல்சி (கரைசலில் உள்ள பொருள்களைக் கருவியில் பிரித்து அளக்கும்) முறைதான் சரி. அந்த ஆய்வகத்தின் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரப் பட்டியலில் ‘மசாலாப் பொருளில் அஃப்ளாடாக்சின்’ உண்டா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வந்த எண்ணை எப்படிப் பார்ப்பது? இந்திய வரம்பு மசாலாவுக்குக் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், நேரடியாக உண்ணும் கடலைக்கு 10. ஐரோப்பாவில் மிளகாய்க்கு 10, கடலைக்கு 4. வரம்புக்குள் இருந்தால் சட்டப்படி விற்கலாம், அவ்வளவுதான். எலிச் சோதனையில் கல்லீரல் புற்றுநோய் கூடும் அளவை வைத்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் எடுத்துக்கொண்ட அளவுகோல், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.4 மைக்ரோகிராம். அதை, நாம் அதே கணக்கில் உண்ணும் நச்சின் அளவால் வகுத்து 10,000-க்கு மேல் வந்தால்தான் கவலை குறைவு. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் நச்சு உள்ள கடலையில் செய்த மிட்டாயில் 30 கிராம் கடலையை 20 கிலோ எடைக் குழந்தை தினமும் தின்றால் விடை 27 மட்டுமே. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குக் கல்லீரல் ஆபத்து இன்னும் பல மடங்கு கூடும்.

வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் இது முழுதாகப் போகாது. முழுதாகச் சிதைய 230 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். செக்கில் ஆட்டினால் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயிலும் வரும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் இந்த நச்சு, உடலில் மாறிய அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவில் வெளிவரும். அதனால் செக்குக்காரர்கள் ஆட்டுமுன் கடலையையும், விற்குமுன் புண்ணாக்கையும் சோதிப்பது நல்லது. சூம்பல், சொத்தை, நிறம் மாறிய பருப்பை முறத்தில் பொறுக்கித் தள்ளினாலே நச்சில் பெரும்பகுதி போய்விடும். பருப்பின் ஈரப்பதம் 7 சதவீதத்துக்கும் வற்றலினது 10-க்கும் மேல் போகாமல் வைத்தால் புதிதாகப் பூஞ்சை பிடிக்காது. எனவே பட்டைப் பெட்டிக்கு முன் ஈரப்பதமானி வாங்குங்கள்.